தாளிப்பு வடகம்: டீஹைட்ரேட்டரில் வைத்தால் நடுவில் ஈரம் நிற்கிறதே?

மாடியில்லா வீடு:
எங்கள் அடுக்குமாடியில் வெயில் விழும் இடமே இல்லை. உளுந்து, சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் சேர்த்து உருட்டி, டீஹைட்ரேட்டரில் (சூடான காற்றில் உலர்த்தும் மெஷின்) 70 டிகிரியில் வைத்தேன். மேலே கெட்டி, உடைத்தால் உள்ளே பிசுபிசுப்பு. வாசமும் இல்லை.

தஞ்சாவூர் பெரியம்மா:
கண்ணு, சூடு ஜாஸ்தி. மேல்பக்கம் முதலில் இறுகிட்டா உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லை. அப்படியே டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் நாங்கள் உருண்டையை ஒரேயடியாகக் காயவிடுவதில்லை. சாயங்காலம் உடைத்து, பிசைந்து, மூடி வைப்போம். காலையில் விளக்கெண்ணெய் தொட்டு மறுபடி உருட்டுவோம். ராத்திரியில் லேசாகப் புளிக்கும் பாரு, வடகத்துக்கு வாசமே அங்கேதான் பிறக்குது! மெஷினில் அந்த ராத்திரி கிடையாது. 50 டிகிரிக்குக் குறை, நடுநடுவே உடைத்து உருட்டு. முதல் சில நாள் இரவில் நிறுத்தி மூடி வை.

அப்பளக்காரர்:
வடகம் முழுசாகக் காயணும், சரி. உளுந்து அப்பளம் அப்படியில்லை. அதில் சுமார் 14 சதவீதம் ஈரம் நிற்கணும். உச்சி வெயிலில் போட்டால் ஓரம் சுருண்டு, அடுக்கும்போதே உடையும். நிழல் காற்றுதான் அதற்கு.

மாடியில்லா வீடு:
பெரியம்மா, காய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

தஞ்சாவூர் பெரியம்மா:
பெரிய உருண்டையாகப் பார்த்து உடை. நடுவிலும் பொலபொலன்னு உதிரணும். விரலில் ஒட்டினால் இன்னும் காயட்டும்.