கோதாரின் 3டி படத்தைத் திரையிட உதவி தேவை

நண்பர்களே, பிரெஞ்சு-சுவிஸ் இயக்குநர் ழான்-லூக் கோதார் 83 வயதில் கான் திரைப்பட விழாவுக்கு அனுப்பி ஜூரி பரிசு வாங்கிய 'குட்பை டு லாங்குவேஜ்' (2014) படத்தை நாங்கள் சில பேர் சேர்ந்து கோவையில் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். 3டி ப்ளூ-ரே கைவசம் இருக்கிறது, புரொஜெக்டர்தான் இல்லை. 2டியிலேயே பாருங்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்! அதில் ஓரிடத்தில், 3டிக்காகக் கண்ணுக்கு ஒன்றாக வைத்த இரண்டு கேமராக்களில் ஒன்று நடந்து போகிறவர் பின்னால் திரும்பிவிடும், மற்றது அங்கேயே நிற்கும், இடக்கண்ணுக்கு ஒரு காட்சி, வலக்கண்ணுக்கு வேறொன்று, ஒரு கண்ணை மூடினால்தான் ஏதாவது ஒன்று தெளியும், 2டியில் இது எப்படி வரும்? ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான படம்தான், கதை கேட்காதீர்கள், கோதாருடைய நாய் நிறைய வரும். 3டி புரொஜெக்டர் வாடகைக்கு எங்கே கிடைக்கும்? அப்புறம், ஷட்டர் கண்ணாடிகள் (இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மறைக்கும் 3டி கண்ணாடிகள்) எந்த கம்பெனி வாங்கினாலும் எல்லா புரொஜெக்டருக்கும் ஒத்துவருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.