என்எஸ்எல்யூ2 பெட்டியில் டெபியன் ஏற்றிய இரவு

லிங்க்சிஸ் என்எஸ்எல்யூ2 நினைவிருக்கிறதா? 2004-இல் வந்த சின்னப் பெட்டி. இரண்டு யூஎஸ்பி போர்ட், ஒரு லேன் போர்ட், 32 எம்பி ராம், 8 எம்பி ஃபிளாஷ், அவ்வளவுதான். ஃபேன் கிடையாது, சத்தமே வராது. யூஎஸ்பி டிஸ்க்கைச் சொருகினால் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான சேமிப்பிடம் தயார். 2008-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடம் நண்பர் ஒருவர் தன்னுடையதை என்னிடம் கொடுத்தார். லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 5-ஆம் பதிப்பு அப்போதுதான் வந்திருந்தது. அதையே இந்தப் பெட்டியில் ஏற்ற நினைத்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. இதன் லேன் போர்ட் வேலை செய்ய இன்டெலின் மைக்ரோகோடு (சிப்புக்குள் ஏற்றும் சின்ன நிரல்) வேண்டும். அது கட்டற்ற மென்பொருள் இல்லை என்பதால் டெபியனின் அதிகாரபூர்வ இமேஜில் (பெட்டியில் எழுதும் நிறுவல் கோப்பில்) அப்போது இருக்கவில்லை. மானிட்டரோ கீபோர்டோ மாட்ட முடியாத பெட்டியில் நெட்வொர்க்கும் இல்லையென்றால் எப்படி உள்ளே போவது? டெபியன் டெவலப்பர் மார்ட்டின் மிக்கல்மயர் மைக்ரோகோடையும் சேர்த்து இமேஜ் தயாரித்து, செய்முறையும் எழுதி வைத்திருந்தார். அந்த மனிதருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

இரவு பத்தரைக்கு ஆரம்பித்தேன். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, பின்னால் உள்ள ரீசெட் துளைக்குள் அழுத்திப் பிடித்தபடியே பவர் பட்டனைத் தட்ட வேண்டும். பத்து விநாடி போல ஆனதும் ஆரஞ்சு விளக்கு சிவப்பாகும். அந்த நொடியே கிளிப்பை எடுத்துவிட வேண்டும். சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னினால் பெட்டி அப்கிரேடு மோடுக்கு வந்துவிட்டது. எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் மின்னியது.

லேன் வழியாக இமேஜை ஃபிளாஷில் எழுதும் அப்ஸ்லக்2 கட்டளையை லேப்டாப்பிலிருந்து கொடுத்தேன். பாதிகூட எழுதி முடிக்கவில்லை, கரன்ட் போய்விட்டது. லேப்டாப் திரை மட்டும் எரிகிறது, பெட்டி இருட்டு. முக்கால் மணி நேரம் கழித்து கரன்ட் வந்தது. பெட்டியை ஆன் செய்தால் பிங்குக்கு (நெட்வொர்க்கில் இருக்கிறாயா என்று கேட்கும் கட்டளைக்கு) பதிலே இல்லை. தொலைந்தது என்றே நினைத்தேன்.

தொலையவில்லை. அப்ஸ்லக்2 ஃபிளாஷின் தொடக்கத்தில் இருக்கும் ரெட்பூட்டை, அதாவது பெட்டியைத் துவக்கும் நிரலை, தொடுவதில்லை. அப்கிரேடு மோடு அந்த ரெட்பூட்டுக்குள்தான் இருக்கிறது. மறுபடி கிளிப், மறுபடி சிவப்பு, பச்சை! பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அப்ஸ்லக்2-க்கு ஐபி முகவரிகூடத் தேவையில்லை, லேப்டாப்பும் பெட்டியும் ஒரே லேனில் இருந்தால் போதும். ஆகவே பாதியில் நின்றுபோனால் பயந்து பெட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். யூபிஎஸ் இருந்தால் கட்டாயம் அதில் மாட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

இமேஜை முழுதாக எழுதிய பிறகு எஸ்எஸ்ஹெச் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் மூலம் நுழையும் வழி) வழியாக உள்ளே போய் வழக்கம்போல நிறுவியதுதான். 32 எம்பி ராமில் எல்லாமே ஊர்ந்துதான் போகும். நிறுவும்போது தேவையில்லாத காம்பொனென்ட் எதையும் டிக் செய்யாமல், ஸ்வாப் பார்ட்டிஷனை (ராம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் பகுதியை) மறக்காமல் போடுங்கள். எனக்கு முடியும்போது விடியற்காலை நாலு மணி.

ஆரம்பகாலப் பெட்டிகளில் 266 மெகாஹெர்ட்ஸ் பிராசசரைப் பாதி வேகத்தில்தான் ஓடவிட்டிருப்பார்கள். போர்டில் ஆர்83 என்ற ரெசிஸ்டரை எடுத்தால் முழு வேகம் வரும். என்னுடையதும் அந்த ரகம்தான். சால்டரிங் தெரிந்த தம்பி ஒருவர் ஐந்தே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்.

அப்பாவின் பழைய புகைப்படங்கள் பல வருடம் இந்தப் பெட்டியில்தான் பத்திரமாக இருந்தன. இதற்கான ஆதரவு டெபியன் 7-ஓடு நின்றுவிட்டது. அதன்பின் இன்டர்நெட் பக்கம் விடாமல், இரவு ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் நிரல்) பேக்கப்புக்கு மட்டும் ஓடவிட்டேன்.