கப்பல்காரச் சித்தப்பா கல்லு: வாசகத்தை மாற்றணும்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு, வணக்கம்.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் சித்தப்பாவுக்கு நினைவுக்கல் வைக்கப்போவதாகச் செயலாளர் அண்ணன் போட்ட மடலைப் பார்த்தேன். சந்தோஷம்தான். ஆனால் கூட அனுப்பியிருந்த வாசகத்தைப் படித்த பிறகு மனசு கேட்கவில்லை. "எல்லையில் எதிரிகளைப் பந்தாடி வீரமரணம் எய்திய" என்று இருக்கிறது. எந்த எல்லை? அவர் நேவியில் ஸ்டோக்கர். கப்பலின் அடித்தட்டில், இன்ஜின் சூட்டில் வேலை. அதோடு மேலே ஒரு படம், கவிழ்த்து வைத்த துப்பாக்கியும் அதன்மேல் இரும்புத் தொப்பியும். அது தரைப்படைக்காரர்களுக்குப் போடுகிற படம் அண்ணே. இவருக்கு ஒரு நங்கூரம் போதும்.

இளவட்டங்கள் நிறையப் பேருக்கு விஷயமே தெரியாது, அதனால் சொல்கிறேன். 1971 டிசம்பர் 3 அன்று போர் மூண்டது. மறுநாள் ராத்திரி நம் ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தை அடித்தன. அந்த வெற்றிப் பேச்சு ஓய்வதற்குள், பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்று குஜராத் பக்கம் திரிகிறது என்று தெரிந்து, அதைத் தேட குக்ரி, கிர்பான் என்ற இரண்டு கப்பல்களை அனுப்பினார்கள். சித்தப்பா இருந்தது குக்ரியில். அந்த அணியில் குத்தார் என்று மூன்றாவது கப்பலும் உண்டு. பாய்லர் கோளாறால் அது போகவில்லை. தண்ணிக்கடியில் இருப்பதை ஒலியால் கண்டுபிடிக்கிற புது சோனார் கருவியின் சோதனைக்காகக் குக்ரி வேகத்தைக் குறைத்து ஓடியது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்கள். நீர்மூழ்கிக்கு முன்னால் மெதுவாகப் போவது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்லத் தேவையில்லை.

9ஆம் தேதி, வியாழக்கிழமை. டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில் இரவு எட்டே முக்கால் வாக்கில் ஹாங்கோர் என்ற அந்தப் பாகிஸ்தான் நீர்மூழ்கி விட்ட டார்பிடோ குக்ரியில் பட்டது. ஒருசில நிமிடத்தில் கப்பல் முழுகிவிட்டது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார். மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். 18 அதிகாரிகள், 176 மாலுமிகள், ஆக 194 பேர் போய்விட்டார்கள். அடித்தட்டில் நின்றவர்களுக்கு ஏணியைப் பிடிக்கக்கூட நேரம் இருந்திருக்காது.

தந்தி இங்கிலீஷில் வந்ததால் தபால்காரர் அதைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கொண்டுபோனாராம். காணவில்லை என்றுதான் இருந்தது. அப்பத்தா அதைக் கேட்டு அழவே இல்லை என்று அப்பா சொல்வார். நம்ம கரையில் காணாமல் போனவன் செத்தவன் இல்லையே! வாடைக் காற்றில் திசை தப்பி, இலங்கைக் கரையில் ஒதுங்கி, ஒரு மாதம் கழித்து வேறு யாரோ கொடுத்த கைலியைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றவர்கள் நம்ம தெருவிலேயே உண்டு. ஏழு வருஷத்துக்கு முன்னால்தான் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோயிருந்தது. அதில் போனவர்களுக்கும் எத்தனை வீட்டில் எத்தனை நாள் சோறு எடுத்து வைத்தார்கள்!

பம்பாயிலிருந்து கடைசியாக அவர் போட்ட இன்லண்ட் லெட்டரில் பாதி, கருவாட்டைப் பற்றித்தான். அங்கே கிடைப்பதை வாயில் வைக்க முடியவில்லை, லீவு முடிந்து வருகிற யாரிடமாவது நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பு என்று எழுதியிருந்தார். அப்பத்தா மண் ஆய்ந்து, தலை கிள்ளி, இரண்டு வெயில் கூடக் காயவைத்து ஓலைக்கொட்டானில் கட்டி வைத்திருந்தாள். தந்திக்குப் பிறகும் அதை யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் தேவிபட்டினம் நவபாஷாணத்துக்குப் போவாள். தாத்தாவுக்கு மட்டும் எள்ளும் தண்ணியும் இறைப்பாள். ஐயர் அடுத்த பேரைக் கேட்டால், "அம்புட்டுத்தேன் சாமி" என்று எழுந்துவிடுவாள். அவள் காலத்துக்குப் பிறகுதான் அப்பா அந்தப் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

டையூவில் கடலைப் பார்த்த மேட்டில் குக்ரியின் மாதிரியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். 1989இல் அதே பெயரில் இன்னொரு கப்பல் விட்டு, 2021இல் ஓய்வு கொடுத்து, அதையும் டையூவிலேயே மக்கள் பார்க்க நிறுத்தியிருக்கிறார்கள். குஜராத் பக்கம் போகிறவர்கள் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.

வாசகம் இப்படி இருக்கட்டும் என்பது என் யோசனை: "நம் ஊர்ப் பிள்ளை. ஐ.என்.எஸ். குக்ரியில் ஸ்டோக்கர். 1971 டிசம்பர் 9 இரவு டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில் கப்பலோடு மூழ்கியவர். உடன் போனவர்கள் 193 பேர்." மேலே பெயர், இனிஷியலோடு. பெயருக்கு முன்னால் மாவீரர், மறத்தமிழர் எதுவும் வேண்டாம்.

திறப்பு டிசம்பர் 9 அன்றுதான் என்று நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். அடைமழைக் காலம், வளைகுடாவில் இருப்பவர்களுக்கு லீவும் கிடைக்காது. பொங்கலுக்கே வைத்துக்கொள்ளலாம். சட்டமன்ற உறுப்பினரைக் கூப்பிடுவதும் உங்கள் இஷ்டம்.

எழுத்து வெட்டுகிறவருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்று கேள்விப்பட்டேன். உளியை வைப்பதற்குள் அவரிடம் யாராவது பேசுங்கள், மதுரை மாமா முடிந்தால் நேரில் போய்விட்டு வாருங்கள். நன்கொடையாளர் பட்டியலைப் பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டால் போதும். என் பெயர் அதிலும் வேண்டாம். என் பங்கை இந்த மாதச் சம்பளம் வந்ததும் அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
கிழக்குத் தெரு கப்பல்காரர் வீட்டுப் பிள்ளை,
மஸ்கட்