வீட்டு ஆய்வகத்தில் டொமைனோடு உறவை முறித்துக்கொள்ளும் கணினி

வணக்கம் நண்பர்களே. ஆக்டிவ் டைரக்டரி (பயனர்களையும் கணினிகளையும் ‘டொமைன்’ என்ற ஒரே குழுவாக நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) நிர்வாகமும் பாதுகாப்பும் பழகுவதற்காக, 16 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில், ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவியிருக்கிறேன். 180 நாள் சோதனைப் பதிப்பான விண்டோஸ் சர்வர் 2022தான் டொமைன் கன்ட்ரோலர், அதாவது டொமைனை நிர்வகிக்கும் சர்வர். அதில் உறுப்பினராக ஒரு விண்டோஸ் 11 என்டர்பிரைஸ், தாக்கிப் பார்க்க, பாதுகாப்புச் சோதனைக் கருவிகளோடு வரும் ஒரு காளி லினக்ஸ். மூன்றும் உள் நெட்வொர்க்கில் அடைபட்டிருப்பதால் அம்மாவின் போனுக்கு ஆபத்தில்லை.

முதல் வாரம் டொமைனில் சேரவே முடியவில்லை. விண்டோஸ் 11 டிஎன்எஸ்ஸுக்கு (பெயரை வைத்து முகவரி கண்டுபிடிக்கும் சேவை) வீட்டு ரௌட்டரையே கேட்டுக்கொண்டிருந்தது; சர்வர் பக்கம் திருப்பியதும் சேர்ந்துவிட்டது.

இப்போது வேறு தலைவலி. ஒன்றரை மாதப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு (மெய்நிகர் கணினியின் சேமித்து வைத்த நிலை) விண்டோஸ் 11ஐ மட்டும் திருப்பினேன். டொமைனுடனான நம்பிக்கை உறவு அறுந்துவிட்டது என்கிறது. டொமைனில் அந்தக் கணினிக்கென இருக்கும் கணக்கின் கடவுச்சொல் 30 நாளுக்கொருமுறை மாறுவதால், ஸ்னாப்ஷாட்டில் பழையதே இருப்பதுதான் காரணம் என்று புரிகிறது. வெளியேற்றி மறுபடி சேர்த்தால் சரியாகிறது, ஆனால் ஒவ்வொரு முறையுமா? சர்வர், விண்டோஸ் 11 இரண்டையும் அணைத்துவிட்டு ஒன்றாக ஸ்னாப்ஷாட் எடுப்பீர்களா, பவர்ஷெல் கட்டளையிலேயே உறவைச் சரிசெய்துகொள்வீர்களா?

இன்னொன்று. கெர்பரோஸ்டிங் (சேவைக் கணக்குகளுக்கான கெர்பரோஸ் டிக்கெட்டுகளை வாங்கி, அவற்றின் கடவுச்சொல்லை உடைக்கப் பார்க்கும் தாக்குதல்) செய்து பார்த்தால், சேவை டிக்கெட் கேட்கப்பட்டதைப் பதிவுசெய்யும் 4769 நிகழ்வுகள் மலைபோல் குவிகின்றன. பழைய, பலவீனமான ஆர்சி4 குறியாக்கத்தில் வந்த டிக்கெட்டுகளை மட்டும் வடிகட்டுகிறேன். தாக்குபவர் வலுவான ஏஇஎஸ் குறியாக்கத்தில் கேட்டால் நழுவிவிடுவாரே, நீங்கள் எதை வைத்துப் பிடிக்கிறீர்கள்?

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்லிவிடாதீர்கள். 50 போலிப் பயனர்களுக்கும் கையாலேயே பெயர் வைத்தவன் நான்.