பிளஸ் ஒன் தொழிற்கல்வி மெக்கானிக்கல்: விவரம் வேணுங்க

வணக்கம்ங்க. தங்கச்சி பையன் பத்தாவது முடித்திருக்கிறான். பிளஸ் ஒன்னில் தொழிற்கல்விப் பிரிவில் மெக்கானிக்கல் எடுக்க ஆசை. பல்லடம், சூலூர், திருப்பூர் பக்கம் எந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் இந்தப் பிரிவு இப்போதும் நடக்கிறது? பெயருக்கு இருந்தால் போதாதுங்க. ஆசிரியர் இருக்கணும், இரும்பைக் கடையும் லேத் மெஷின் ஓடணும். தூசி படிந்த லேத்தைப் பார்க்க அவன் தினமும் பஸ் ஏற வேண்டியதில்லை.

"அதை எடுத்தால் மேலே படிக்க முடியாது" என்கிறார் மாப்பிள்ளை. பிளஸ் டூ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்பிரிவுக்குத் தனி இடங்கள் உண்டு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவனுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. இந்த வழியில் படித்துக் கோயம்புத்தூர் பம்பு, மோட்டார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் அண்ணன்மார் யாராவது அவரிடம் போனில் பேச முடியுங்களா? சேர்க்கை முடிவதற்குள் சொன்னால் நல்லது.