கவூடில் வாங்கலாமா? பிரீடர் தரும் மூன்று உத்தரவாதம்

மெல்பர்ன்_மாப்பிள்ளை
வணக்கம் மக்களே. மகள் ரொம்ப நாளாக நாய்க்குட்டி கேட்டு நச்சரிக்கிறாள். மனைவிக்கு நாய் ஒத்துக்கொள்ளாது. நண்பர் வீட்டு லாப்ரடாரைத் தடவிவிட்டு வந்தாலே தும்மல், கண்ணில் நீர். எங்கள் பக்கத்துப் பூங்காவில் எங்கே திரும்பினாலும் கவூடில்தான். கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியலையும் பூடிலையும் கலந்து பிறப்பது. நாய்களைச் சேர்த்துக் குட்டி எடுத்து விற்கும் ஒரு பிரீடரிடம் பேசினேன். நாலாயிரம் டாலர், முன்பணம் ஐந்நூறு. முடி கொட்டாது, அலர்ஜி வராது, கலப்பினம் என்பதால் பரம்பரை நோயும் வராது என்று அடித்துச் சொல்கிறார். நம்பி வாங்கலாமா?

லீட்ஸ்_லாப்ரடார்
வேண்டாம். மூன்றுமே வியாபாரப் பேச்சு.

இந்தக் கூத்து ஆரம்பித்ததே உங்கள் விக்டோரியாவில்தான், தெரியுமா? 1980களின் கடைசியில் அங்கே வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் இனப்பெருக்கப் பிரிவைக் கவனித்தவர் வாலி கான்ரான். ஹவாயிலிருந்து பார்வையற்ற ஒரு பெண் வழிகாட்டி நாய் கேட்டார். அவர் கணவருக்கு நாய்முடி ஆகாது. கான்ரான் முதலில், முடி அதிகம் கொட்டாத சுருள்முடிப் பூடில்களைத்தான் பழக்கிப் பார்த்தார். மூன்று வருடத்தில் 33 பூடில்கள், ஒன்றும் தேறவில்லை. கடைசியில் லாப்ரடாரோடு பூடிலைச் சேர்த்தார். மூன்று குட்டிகள். சோதித்துப் பார்க்க அவற்றின் முடியும் எச்சிலும் ஹவாய்க்குப் போயின. அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி. அடுத்த ஈற்றில் பத்துக் குட்டிகள், அதில் மூன்றுதான் தேறின.

அதாவது இதைக் கண்டுபிடித்தவர் கையிலேயே பத்துக்கு மூன்று. உங்கள் பிரீடர் கையில் மட்டும் பத்துக்குப் பத்தா?

கான்ரானே 2019ல் ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசிக்குக் கொடுத்த பேட்டியில், கதையில் வரும் ஃபிராங்கன்ஸ்டைனின் அரக்கனை அவிழ்த்துவிட்டேன் என்று வருத்தப்பட்டார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

சுருள்முடி
லீட்ஸ் அண்ணா எப்போதும் பாதிக் கதையோடு நிறுத்திவிடுவார். மீதியை நான் சொல்கிறேன். (லண்டனில் இருக்கிறேன். வீட்டில் ஒரு காக்கப்பூ, அதாவது காக்கர் ஸ்பேனியலும் பூடிலும் கலந்தது. அதனால் என் பக்கம் எது என்று மறைக்கவில்லை.)

தேறிய அந்தக் குட்டியின் பெயர் சுல்தான். ஹவாய் போய் ஒழுங்காக வழிகாட்டி வேலை பார்த்தது. மிச்சக் குட்டிகளை வீட்டில் வைத்துப் பழக்க ஆள் தேடியபோது, வரிசையில் காத்திருந்தவர்கள்கூட கலப்பு நாய் வேண்டாம் என்றார்கள். அதனால்தான் கான்ரான் ‘லாப்ரடூடில்’ என்று பெயர் வைத்துப் பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கச் சொன்னார். உடனே போன் மேல் போன். நாய் அதே நாய்தான். கலப்பு என்றாலே முகம் சுளித்த கூட்டம்தான் இந்தப் பெயர் விளையாட்டுக்கே காரணம்.

அப்புறம், தூய இனம் என்று நீங்கள் தூக்கிப் பிடிப்பதெல்லாம் எங்கிருந்து வந்தது? கோல்டன் ரிட்ரீவரை எடுங்கள். 1868ல் ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபு ஒரு மஞ்சள் ரிட்ரீவரையும் ட்வீட் வாட்டர் ஸ்பேனியலையும் சேர்த்தார். அன்றைக்கு அதுவும் கலப்புதான்.

தூய்மையின் லட்சணத்தைப் பார்க்க நார்வேக்குப் போங்கள். கவாலியரை இனப்பெருக்கம் செய்வதே விலங்குநலச் சட்டத்துக்கு எதிரானது என்று 2023ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்தது. வம்சக் காகிதமெல்லாம் உள்ள, தூய இனங்களைப் பதியும் கென்னல் கிளப்பில் பதிந்த கவாலியர்! இதயவால்வு நோய் ஒரு பக்கம். மண்டையோடு சிறுத்து மூளை நெருக்கப்பட்டு, தண்டுவடத்தில் நீர்ப்பை உண்டாகும் நோய் இன்னொரு பக்கம். அதில் வெளி ரத்தம் கலந்தால் குற்றமா?

லீட்ஸ்_லாப்ரடார்
ட்வீட்மவுத் பிரபு ஒரு தடவை சேர்த்துவிட்டுப் பணம் எண்ணிக்கொண்டு போகவில்லை. எந்த நாயை எதோடு சேர்த்தார், எந்தக் குட்டியை வைத்துக்கொண்டார், எதை யாருக்குக் கொடுத்தார் என்று இருபது வருடத்துக்கு மேல் கையால் எழுதிய பதிவேடு இருக்கிறது. வேட்டையில் விழுந்த பறவையை நீரிலும் மேட்டிலும் தேடி எடுத்துவர நாய் வேண்டும் என்று ஒரு நோக்கம் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்துத் தேர்ந்தெடுத்தார்.

இன்றைய டூடில் (பூடில் கலப்பு நாய்) வியாபாரத்தில் பாதிப் பேர் செய்வது என்ன? கையில் கிடைத்த ஒரு பெட்டை, கையில் கிடைத்த ஒரு பூடில், எட்டு வாரத்தில் விற்பனை. குட்டி இரண்டு வயதில் எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒரு போன்கூடப் போவதில்லை. இதில் தேர்வு எங்கே இருக்கிறது?

ஊசிக்காரி
பெர்த்தில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். நீங்கள் இருவரும் சண்டையைத் தொடருங்கள். கேட்டவருக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அலர்ஜி. குற்றவாளி முடி இல்லை. நாயின் எச்சிலிலும் தோல் பொடுகிலும் உள்ள புரதங்கள். அதில் முக்கியமானது கேன் எஃப் 1. நெதர்லாந்தில் இதை அளந்து 2012ல் வெளியிட்டார்கள். அலர்ஜி தராது என்று விற்கப்படும் லாப்ரடூடில், பூடில் போன்றவற்றின் முடியில் இந்தப் புரதம் மற்ற நாய்களைவிட அதிகமாக இருந்தது. குறைவாக இல்லை, அதிகம். வீட்டுக் காற்றில் வித்தியாசமே தெரியவில்லை. லாப்ரடூடில் வீடுகளின் தரைத் தூசியில் மட்டும் குறைவாக இருந்தது. விற்பவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள்.

மெல்பர்ன் தம்பி, உங்கள் மனைவி அலர்ஜி நிபுணரிடம் போய் எந்தப் புரதம் என்று பிரித்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை செய்யட்டும். கேன் எஃப் 5 என்று ஒன்று உண்டு. அது ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவது. சிலருக்கு அது மட்டும்தான் ஒத்துக்கொள்ளாது. அப்படியானால் பெட்டை நாயோடு நிம்மதியாக இருக்கலாம், அது எந்த இனமானாலும். நாலாயிரம் டாலர் கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது மலிவு.

அடுத்து பரம்பரை நோய். பழுதான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு சேர்ந்தால்தான் பல நோய்கள் வெளியே தெரியும். இரண்டு இனங்களிலும் வெவ்வேறு பழுது என்றால் கலப்பதில் லாபம் உண்டு. இரண்டிலும் ஒரே பழுது என்றால் ஒரு லாபமும் இல்லை. விழித்திரை மெல்ல அழிந்து குருடாக்கும் பிஆர்ஏ நோயின் ஒரு வகை பூடிலிலும் உண்டு, லாப்ரடாரிலும் உண்டு, காக்கர் ஸ்பேனியலிலும் உண்டு. லாப்ரடூடிலும் காக்கப்பூவும் அதிலிருந்து எப்படித் தப்பும்? கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி எடுத்து அனுப்பினால் தெரிந்துவிடும் சமாச்சாரம் இது. அதைக்கூடச் செய்யாமல் குட்டி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

கவாலியரின் இதயவால்வு நோய் அப்படி ஒற்றை மரபணுச் சங்கதி இல்லை. வயது ஏற ஏறத் தலைகாட்டும். அதனால்தான் கவாலியரை இரண்டரை வயது ஆகி, இதயத்தைச் சோதித்த பிறகே சேர்க்க வேண்டும், அதன் பெற்றோருக்கும் ஐந்து வயதுவரை இதயம் சுத்தமாக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள். உங்கள் பிரீடரின் தாய் நாய்க்கு என்ன வயது?

சுருள்முடி
டாக்டர் அக்கா, கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 2013ல் வந்தது, 27,000 நாய்களுக்கு மேல். 24 பரம்பரை நோய்களில் பத்து, தூய இனத்தில்தான் அதிகம். கலப்பில் அதிகமாக இருந்தது ஒன்றே ஒன்று, முழங்கால் தசைநார் அறுந்துபோவது.

ஊசிக்காரி
மீதி 13 நோய்களில் வித்தியாசம் இல்லை என்பதை விட்டுவிட்டீர்களே. அதோடு அது எல்லா வகைக் கலப்பு நாய்களையும் சேர்த்துப் பார்த்தது. டூடில்களை மட்டும் எடுத்து லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரி 2024ல் பார்த்தது. கவாப்பூ (நம் ஊர் கவூடில்தான்), காக்கப்பூ, லாப்ரடூடில் மூன்றையும் அவற்றின் தாய், தகப்பன் இனங்களோடு 57 சாதாரண நோய்களில் ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய 87 சதவீத ஒப்பீடுகளில் வித்தியாசம் இல்லை. மிச்சத்தில் பாதி கலப்புக்குச் சாதகம், பாதி பாதகம். லீட்ஸ் சொல்வதுபோல் அவை நோய்க்கூடு இல்லை, பிரீடர் சொல்வதுபோல் இரும்பும் இல்லை.

தெருநாய்த்_தோழன்
உலகம் பூராவும் காப்பகங்களில் நாய்கள் படுத்துக்கிடக்கின்றன, நீங்கள் நாலாயிரம் டாலருக்கு மரபணு பேசுகிறீர்கள். நன்று.

கத்தரிக்கோல்
தோழன், காப்பகத்தில் இப்போது டூடிலே வருகிறது. ஏன் வருகிறது என்று நான் சொல்கிறேன். டொராண்டோவில் நாய்க்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன்.

முடி கொட்டாது என்று சொல்லி விற்கிறார்கள் இல்லையா, கொட்டுகிறது. வெளியே விழாமல் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. கவாலியர், கோல்டன் பக்கத்திலிருந்து வரும் மெல்லிய உள்முடி உதிரும்போது பூடிலின் சுருளில் சிக்கிவிடும். காதுக்குப் பின்னால், அக்குளில், பட்டை மாட்டும் இடத்தில், பின்னங்காலின் உள்பக்கம், இங்கெல்லாம் சிக்கு பிடிக்கும். வீட்டுக்காரர் தினமும் பிரஷ் போட்டதாகச் சத்தியம் செய்வார். பொய் இல்லை. மேலாக மட்டும் போட்டிருப்பார். நான் இரும்புச் சீப்பை எடுத்துத் தோல்வரை விட்டால் அரை அங்குலத்தில் நின்றுவிடும்.

அந்த நிலையில் அதைப் பிரித்தெடுக்கச் சொல்வது நாயைச் சித்திரவதை செய்வது. மொட்டைதான். தோலை ஒட்டி பிளேடு போனால் முழு முடியும் துண்டு துண்டாக விழாது, பாய் மாதிரி ஒரே விரிப்பாகக் கழன்று வரும். அடியில் தோல் சிவந்து ஈரமாக இருக்கும். ஒரு தடவை அக்குளுக்குள் புல்விதை குத்திப் புண்ணாகி இருந்தது. எவ்வளவு நாளாக நொண்டியதோ. வீட்டு அம்மா என்னைத்தான் திட்டினார், அழகான முடியை வெட்டிவிட்டேனாம். ஒரு வயதுவரை கத்தரி படக் கூடாது என்று பிரீடர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை முடிவெட்டு, நடுவில் வீட்டில் சீப்பு. இந்தச் செலவை விற்கும்போதே சொல்லியிருந்தால் பாதிப் பேர் வாங்கியிருக்க மாட்டார்கள். நான் டூடிலுக்கு எதிரி இல்லை. என் கடை ஓடுவதே அவற்றால்தான். விற்கிறவர்கள் மேல்தான் கோபம்.

லீட்ஸ்_லாப்ரடார்
இதற்குமேல் சாட்சி வேண்டுமா?

சுருள்முடி
வேண்டும். இதில் நாய் செய்த குற்றம் என்ன? பூடிலுக்கும் இதே முடிவெட்டுதான். பொய் சொல்லி விற்றவரைப் பிடியுங்கள்.

ஏன் நல்ல பிரீடர்கள் இந்தப் பக்கம் குறைவு என்றும் யோசியுங்கள். பரிசோதனை, பதிவேடு, மூத்தவர்களின் அனுபவம் எல்லாம் கிளப்களிடம் இருக்கிறது. அந்தக் கிளப்களோ கலப்பு எடுத்தால் வெளியே போ என்கின்றன. வெளியே தள்ளிவிட்டு, வெளியே இருப்பவனுக்கு ஒழுங்கில்லை என்றால் எப்படி?

டால்மேஷியன் கதை தெரியும்தானே? அந்த இனம் முழுவதிலும் யூரிக் அமிலக் கோளாறு. சிறுநீர்க்கல். 1973ல் அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் டால்மேஷியனைப் பாயின்டர் என்ற வேறு இன நாயோடு ஒரே ஒரு தடவை சேர்த்து நல்ல மரபணுவைக் கொண்டுவந்தார். அந்த வம்சத்தை அமெரிக்கக் கென்னல் கிளப் முழுதாக ஏற்க 2011 ஆனது. நோய்க்கு மருந்து கையில் இருந்தும் 38 வருடம் காகிதத்துக்காகக் காக்கவைத்தார்கள்.

லீட்ஸ்_லாப்ரடார்
கிளப் தாமதித்தது தப்பு, அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை. ஆனால் ஷைபிள் செய்ததைப் பாருங்கள். என்ன நோய், எந்தக் குணம் வேண்டும் என்று முடிவு செய்து ஒருமுறை கலந்தார். பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடே சேர்த்து, நல்ல மரபணு தங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போனார்கள். டூடில்காரர் எந்த நோயைத் தீர்க்கக் கலக்கிறார்? கரடிப்பொம்மை முகத்துக்காகக் கலக்கிறார்.

சுருள்முடி
பக் என்ற தூய இன நாயின் மூக்கை நசுக்கியது எந்த நோயைத் தீர்க்கவாம்?

டாண்டினாங்_அண்ணாச்சி
இவங்க ரெண்டு பேரும் விடியும்வரை பேசுவாங்க. தம்பி, நீ விக்டோரியாவில் இருக்கே. இங்கே நாய்க்குட்டி விளம்பரம் போட்டால் மைக்ரோசிப் எண்ணும், விற்கிறவருக்கு அரசுப் பதிவேடு தரும் சோர்ஸ் எண்ணும் கட்டாயம். 2019லிருந்து சட்டம். அந்த எண்ணை அரசின் பதிவேட்டில் தட்டிப் பார்த்தால் யார், எந்த வகைப் பதிவு என்று வரும். விளம்பரத்தில் இருந்ததா?

மெல்பர்ன்_மாப்பிள்ளை
அண்ணாச்சி, எண் இருந்தது. தட்டிப் பார்த்தேன், பதிவும் சரியாக இருந்தது. அதனால் திரும்பவும் பிரீடருக்கு போன் போட்டேன். தாய் நாய்க்கு என்ன வயது என்றேன். “ஒன்றே முக்கால்.” இதயச் சோதனை? “டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார்.” பூடிலுக்குக் கண் டிஎன்ஏ? “அனுப்பியிருக்கிறோம், அறிக்கை வரவில்லை.” தாயோடு குட்டியைப் பார்க்க வரலாமா என்றால், கிருமி தொற்றும், அதனால் நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க்கில் வைத்துத் தருகிறேன் என்கிறார்.

சுருள்முடி
முன்பணம் கட்டாதீர்கள். இங்கிலாந்தில் இப்படி விற்க முடியாது. 2020 ஏப்ரலிலிருந்து, ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை வளர்த்தவரிடமே, தாயோடு பார்த்துத்தான் வாங்க வேண்டும். லூசி சட்டம் என்று பெயர். வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து மீட்ட நாயின் பெயர் அது. அந்த லூசி ஒரு கவாலியர்.

லீட்ஸ்_லாப்ரடார்
முதல் நாளே நான் சொன்னதுதான். பேசாமல் நல்ல பிரீடரிடம் ஒரு சின்னப் பூடில் வாங்குங்கள்.

ஊசிக்காரி
பூடிலும் அலர்ஜி தரும் லீட்ஸ், மேலே எழுதியதைப் படிக்கவில்லையா? தம்பி, ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும். அதற்குள் தெரிந்தவர் யாராவது கவூடில் வைத்திருந்தால், மனைவியை அவர்கள் வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார வையுங்கள். வேறு வேறு நாளில், அதே நாயோடு. ஆஸ்துமா இருந்தால் மட்டும் முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

மெல்பர்ன்_மாப்பிள்ளை
ஆஸ்துமா இல்லை. முன்பணமும் கட்டவில்லை. மகள் பள்ளித் தோழி வீட்டில் ஒரு பெட்டைக் கவூடில் இருக்கிறது, சனிக்கிழமை மூவரும் போகிறோம். மனைவி மாத்திரை போடாமல் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

கத்தரிக்கோல்
போகும்போது அதன் காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.