மூன்று வீட்டு வேலை, ஒரே பூச்சுக் குழு: உண்மையான கிரிட்டிக்கல் பாத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

வளவுவாசல்

வணக்கம். காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பழுது பார்க்கும் ஒரு ஒப்பந்தக்காரரிடம் அட்டவணை போடும் வேலை பார்க்கிறேன். ஐப்பசி முதல் தேதி மூன்று வீட்டிலும் ஒன்றாக வேலை தொடங்குகிறது. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் என்ற அட்டவணை மென்பொருளில் வீட்டுக்கு ஒரு ஃபைல், ஆட்களுக்குத் தனியாக ஒரு ரிசோர்ஸ் பூல் ஃபைல், மூன்றையும் உள்ளே சேர்த்த ஒரு மாஸ்டர் ஃபைல் என்று வைத்திருக்கிறேன். சுருக்கிச் சொன்னால் வேலை இதுதான், எல்லாம் வேலை நாள் கணக்கு:

கானாடுகாத்தான்: கூரை ஒழுகல் அடைப்பு 12, வளவுச் சுவர் சுண்ணாம்புப் பூச்சு 20, ஆத்தங்குடிக் கல் பதிப்பு 15.
பள்ளத்தூர்: தூண், உத்திர மரவேலை 8, முகப்புப் பூச்சு 18, கதவு மெருகு 10.
தேவகோட்டை: பழைய பூச்சை உதிர்ப்பது 10, உள்சுவர் பூச்சு 15, வயரிங்கும் தரையும் சேர்த்து 30.

மூன்று பூச்சு வேலைக்கும் ஒரே குழுதான். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, அதாவது முட்டைப் பூச்சு, தெரிந்த கைகள் இப்போது குறைவு, இன்னொரு குழு கிடைக்காது. ஆள் கூட்டினாலும் பயன் இல்லை, ஒரு பூச்சு இறுகாமல் அடுத்த பூச்சு ஏற்ற முடியாது.

ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வராதபடி தேதியைத் தள்ளிக் கொடுக்கும் லெவலிங் ஓட்டினேன். குழுவைப் பள்ளத்தூர், தேவகோட்டை, கானாடுகாத்தான் என்ற வரிசையில் போட்டு 76ஆம் நாளில் முடித்துக் கொடுத்தது. அதுவரை சரி. ஆனால் மாஸ்டரில் சிவப்பாக, அதாவது ஒரு நாள் தாமதித்தாலும் மொத்த முடிவைத் தள்ளும் கிரிட்டிக்கல் பாத்தாக, தெரிவது கானாடுகாத்தான் பூச்சும் கல் பதிப்பும் மட்டும்தான். 76 நாள் வேலைக்கு 35 நாளில்தான் கிரிட்டிக்கல் பாத் இருக்கிறது, முதல் 41 நாளில் ஒன்றுமே இல்லை. பள்ளத்தூர் மரவேலைக்கு 40 நாள் ஸ்லாக், அதாவது முடிவைத் தள்ளாமல் தாமதிக்கக்கூடிய நாள், காட்டுகிறது. அந்த ஆசாரி 10 நாள் லீவு கேட்கிறார். முதலாளி அந்த 40ஐப் பார்த்துவிட்டு 'கொடுத்துவிடலாமே' என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. யாராவது விளக்குங்களேன்.

வைகைக்கரை

தம்பி, ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய் 'கேல்குலேட் மல்டிபிள் கிரிட்டிக்கல் பாத்ஸ்' என்பதை டிக் பண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிச் சிவப்புக் கோடு வரும்.

வளவுவாசல்

செய்து பார்த்தேன் அண்ணே. இப்போது பள்ளத்தூரில் மூன்று வேலையும் சிவப்பு, தேவகோட்டையில் பூச்சும் அதற்குப் பிறகு வருவதும் சிவப்பு, கானாடுகாத்தானில் பழையபடி அதே இரண்டு. ஒன்பதில் ஏழு சிவப்பு. 10 நாள் கழித்துத் தேய்த்தாலும் யாருக்கும் கஷ்டம் இல்லாத பள்ளத்தூர் கதவு மெருகு வரைக்கும் சிவப்பாக நிற்கிறது. முதலில் ஒன்றும் தெரியவில்லை, இப்போது எல்லாமே அவசரம் என்கிறது.

அட்டவணைக்காரி

இரண்டு படமும் கணக்குப்படி சரிதான். கேட்கிற கேள்வி வேறு, அதனால் பதிலும் வேறு.

கிரிட்டிக்கல் பாத் முறையை 1957 வாக்கில் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கினார்கள். வேலைகளுக்கு நடுவே இருக்கும் முன்பின் உறவை மட்டும் வைத்து எது எவ்வளவு சீக்கிரம் முடியும் என்று முன்னோக்கி ஒரு தடவை, எது எவ்வளவு தாமதிக்கலாம் என்று பின்னோக்கி ஒரு தடவை கணக்குப் போடுவதுதான் அதன் அடிப்படை. ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்க முடியாது என்பது அந்தக் கணக்கில் கிடையாது. லெவலிங் அதற்குமேல் வந்த ஒட்டு. அது வேலையின் தேதியைத் தள்ளும், ஆனால் ஏன் தள்ளியது என்பதை ஒரு கோடாக எழுதி வைக்காது. 'லெவலிங் டிலே' என்ற கட்டத்தில் ஒரு எண் மட்டும் உட்காரும். உங்கள் கானாடுகாத்தான் பூச்சில் பாருங்கள், 29 நாள் இருக்கும்.

இப்போது பின்னோக்கிக் கணக்கு வரும்போது என்ன ஆகிறது? பள்ளத்தூர் முகப்புப் பூச்சுக்குப் பின்னால் மென்பொருளுக்குத் தெரிந்த ஒரே வேலை கதவு மெருகு. அது 36ஆம் நாள் முடிகிறது, மாஸ்டர் 76இல் முடிகிறது, ஆகவே 40 நாள் ஸ்லாக். குழு அங்கிருந்து கிளம்பித்தான் தேவகோட்டைக்குப் போக வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே கையால் தேடுங்கள். கடைசி நாளில் இருந்து பின்னால் வாருங்கள், ஒவ்வொரு வேலையிடமும் 'நீ ஏன் இந்த நாளில் தொடங்கினாய், ஏன் முந்தி இல்லை?' என்று கேளுங்கள். கல் பதிப்பு 61இல் தொடங்கியது, ஏனென்றால் பூச்சு அப்போதுதான் முடிந்தது. பூச்சு 41இல் தொடங்கியது. கூரை 12இலேயே முடிந்துவிட்டது, ஆகவே காரணம் கூரை இல்லை, குழு தேவகோட்டையில் இருந்தது. தேவகோட்டைப் பூச்சு 26இல் தொடங்கியதற்குக் காரணம் குழு பள்ளத்தூரில் இருந்தது. பள்ளத்தூர்ப் பூச்சு 8இல் தொடங்கியதற்குக் காரணம் மரவேலை. 8, 18, 15, 20, 15. கூட்டினால் 76. உங்கள் உண்மையான பாதை இதுதான், மூன்று ஊர் வழியாக வருகிறது, அதன் தலையில் நிற்பவர் அந்த ஆசாரிதான். இந்த வரிசையை மாற்றாமல் அவருக்கு 10 நாள் லீவு கொடுத்தால் முடிவு 86க்குப் போகும்.

இதற்குப் பெயரும் உண்டு. 1964இல் வீஸ்ட் என்ற ஆய்வாளர் இதைக் 'கிரிட்டிக்கல் சீக்வன்ஸ்' என்றார். 1997இல் கோல்ட்ராட் 'கிரிட்டிக்கல் செயின்' என்று பரப்பியது ஏறக்குறைய இதையேதான், தாமதத்தைத் தாங்கச் சில நாள் ஒதுக்கி வைக்கும் முறையையும் சேர்த்து.

வளவுவாசல்

அக்கா, இப்போதுதான் புரிகிறது. ஒன்பது வேலை என்பதால் கையால் தேட முடிந்தது. என் நிஜ ஃபைல்களில் வீட்டுக்கு நூற்றுக்குமேல் வரி இருக்கிறது, அதற்கு என்ன வழி? இன்னொன்று: பள்ளத்தூர் ஃபைலைத் தனியாகத் திறந்தால் மூன்று வேலையும் சிவப்பு, மாஸ்டரில் திறந்தால் 40 நாள் ஸ்லாக். அது ஏன்?

அட்டவணைக்காரி

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். தனியாகத் திறந்தால் அந்த ஃபைலின் முடிவு 36, அதை வைத்து ஸ்லாக் கணக்கு. மாஸ்டரில் 'இன்செர்ட்டட் ப்ராஜெக்ட்ஸ் ஆர் கேல்குலேட்டட் லைக் சம்மரி டாஸ்க்ஸ்' என்ற டிக் இருந்தால் மூன்றையும் ஒரே வேலையாக எடுத்துக்கொண்டு 76ஐ வைத்துக் கணக்கு. உங்கள் தேவைக்கு அந்த டிக் இருக்க வேண்டும், மல்டிபிள் கிரிட்டிக்கல் பாத்ஸ் டிக் இருக்கக்கூடாது.

பெரிய ஃபைலுக்கு வழி: லெவலிங்கை முழுக்கக் கிளியர் பண்ணுங்கள். மாஸ்டரைத் திறந்து, நெரிசல் உள்ள அந்த ஒரு குழுவின் வேலைகளை மட்டும் வடிகட்டி எடுத்து, அவற்றுக்குள் நீங்களே 'ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும்' என்ற கோடு போடுங்கள். ஃபைல் விட்டு ஃபைல் கோடு போகும், பிரிடெசெசர் (முந்தைய வேலை) கட்டத்தில் ஃபைல் பாதையோடு சேர்ந்து தெரியும். அதற்குப் பிறகு ஸ்லாக் தானாகவே சரியாக வரும், சிவப்புக் கோடும் தொடர்ச்சியாக வரும்.

எல்லா ஆட்களுக்கும் இப்படிப் போடாதீர்கள். சித்தாள், பெயின்டர் மாதிரி வெளியில் கிடைப்பவர்களை விட்டுவிடுங்கள். மாற்று இல்லாத ஆளுக்கு மட்டும் போதும்.

கோட்டையூர்ப் பொறியாளர்

இதில் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. நான் வளைகுடாவில் பிரைமவேரா என்ற இன்னொரு அட்டவணை மென்பொருளில்தான் நிறைய வேலை செய்தேன், அங்கேயும் லெவலிங் தேதியைத் தள்ளுமே தவிர உறவுக் கோடு போடாது, ஆகவே இந்தத் தலைவலி எனக்குப் பழக்கம்தான். ஆள் வரிசைக்காகப் போட்ட கோடும் கட்டுமானம் கேட்கிற கோடும் அட்டவணையில் ஒரே மாதிரிதான் தெரியும். பூச்சு முடியாமல் கல் பதிக்க முடியாது என்பது மாற்ற முடியாதது. தேவகோட்டை முடிந்துதான் கானாடுகாத்தான் என்பது நாம் எடுத்த முடிவு. ஆறு வாரம் கழித்து இன்னொருவர் ஃபைலைத் திறந்தால் இரண்டையும் கட்டாயம் என்று நினைத்துக்கொண்டு வரிசையைத் தொடவே பயப்படுவார். ஆகவே ஆளுக்காகப் போட்ட ஒவ்வொரு கோட்டுக்கும், அந்த வேலையின் ஒரு டெக்ஸ்ட் கட்டத்தில் 'பூச்சுக் குழு வரிசை' என்று எழுதி வையுங்கள். வடிகட்டி எடுத்து ஒரே நேரத்தில் நீக்க முடியும்.

அதைவிடப் பெரிய விஷயம், லெவலிங் கொடுத்த வரிசையை ஏன் அப்படியே ஏற்றுக்கொள்கிறீர்கள்? பள்ளத்தூர் முதலில் தயாரானது என்பதற்காகக் குழு அங்கே போனது, அவ்வளவுதான். தேவகோட்டையில் பூச்சுக்குப் பிறகு 30 நாள் வேலை காத்திருக்கிறது, பள்ளத்தூரில் 10தான். பின்னால் நீளமான வால் உள்ள வீட்டுக்குக் குழுவை முதலில் அனுப்பிப் பாருங்கள். எந்த வீட்டுக்கு எப்போது முடிய வேண்டும்?

வளவுவாசல்

தேவகோட்டையில் தை மாதம் கல்யாணம், வீட்டு முகப்பிலேயே பந்தல். பள்ளத்தூர்க்காரர் மலேசியாவில் இருக்கிறார், பங்குனியில்தான் வருகிறார். கானாடுகாத்தானுக்குக் குறிப்பிட்ட தேதி இல்லை.

கோட்டையூர்ப் பொறியாளர்

அப்படியானால் தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர். குழு 10ஆம் நாள்வரை காத்திருக்கும், அது கண்ணுக்கு வீணாகத் தெரியும், தெரியட்டும். தேவகோட்டைப் பூச்சு 25இல் முடியும், வீடு 55இல் முடியும். கானாடுகாத்தான் பூச்சு 45, வீடு 60. பள்ளத்தூர்ப் பூச்சு 63, வீடு 73. மொத்தத்தில் 3 நாள்தான் மிச்சம், ஆனால் கல்யாண வீடு 71இல் இருந்து 55க்கு வருகிறது. ஐப்பசி முதல் தேதி தொடங்கி, ஞாயிறு கழித்து, 71 வேலை நாள் என்றால் பொங்கல் வாசலில் போய் நிற்கும். ஒரு வாரம் மழை பிடித்தால் பந்தல்கால் ஊன்றும்போது உள்ளே வயரிங் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். பழைய வரிசையில் பள்ளத்தூர் முகப்புப் பூச்சு, அதாவது வெளிச்சுவர், ஐப்பசி நடுவில் இருந்து கார்த்திகை வரைக்கும் வடகிழக்குப் பருவமழை அடிக்கும் நாட்களில் விழுகிறது. சுண்ணாம்பு அந்த ஈரத்தில் எப்படிக் காயும்? புதிய வரிசையில் மழைக்காலத்தில் குழு உள்சுவரில் இருக்கும், முகப்பு மார்கழிப் பக்கம் வரும்.

வளவுவாசல்

ஐயா, மழையை நான் அட்டவணையில் காலண்டர் விடுமுறையாக மட்டும்தான் வைத்திருந்தேன், எந்தச் சுவர் எந்த மாதம் என்று சேர்த்துப் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னபடி கோடு போட்டுவிட்டேன். சிவப்பு இப்போது தேவகோட்டை உதிர்ப்பு, தேவகோட்டைப் பூச்சு, கானாடுகாத்தான் பூச்சு, பள்ளத்தூர்ப் பூச்சு, கதவு மெருகு என்று முதல் நாளில் இருந்து 73 வரை விடாமல் போகிறது. கூரைக்கு 13 நாள் ஸ்லாக், கல் பதிப்புக்கும் 13. பள்ளத்தூர் மரவேலைக்கு 37.

அப்படியானால் ஆசாரிக்கு லீவு கொடுக்கலாம்தானே?

அட்டவணைக்காரி

தாராளமாகக் கொடுங்கள். முதலாளி சொன்ன 40 பொய்யான எண், இந்த 37 நம்பக்கூடிய எண். இனிமேல் ஒரு நாள்கூட நழுவக்கூடாதவர்கள் தேவகோட்டையில் பழைய பூச்சை உதிர்க்கிறவர்கள். மேஸ்திரியிடம் அதைச் சொல்லிவிடுங்கள், அந்த 10 நாளுக்கு ஆள் கூட்ட முடியும் என்றால் அங்கேதான் கூட்ட வேண்டும்.

இரண்டு சின்ன வேலை பாக்கி. தேவகோட்டையின் கடைசி வேலைக்கு 18 நாள் ஸ்லாக் காட்டும், அது 73ஐ வைத்துப் போட்ட கணக்கு, கல்யாணத்தை வைத்து இல்லை. அந்த வரியில் டெட்லைன் கட்டத்தில் உங்கள் தேதியைப் போடுங்கள். 73ஆம் நாளுக்கு முந்திய தேதி என்றால் ஸ்லாக் அதற்கேற்பக் குறையும். அப்புறம் குழு ஒரு வீட்டில் இருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் இடத்தில் இரண்டு மூன்று நாள் லேக், அதாவது இடைவெளி, விடுங்கள், சாரம் பிரித்து மாற்றவே அது வேண்டும்.

வைகைக்கரை

பூல் ஃபைலில் பெயரையும் ஒருமுறை பாருங்கள் தம்பி. ஒரு வீட்டில் 'பூச்சுக் குழு', இன்னொன்றில் 'பூச்சு குழு' என்று எழுதியிருந்தால் மென்பொருள் இரண்டையும் வேறு வேறு ஆளாகத்தான் எடுக்கும். மோதலே காட்டாது.

வளவுவாசல்

அண்ணே, பார்த்தேன். பூச்சுக் குழுவில் இல்லை, ஆனால் ஆசாரி இரண்டு பெயரில் இருந்தார். ஒன்றாக்கினேன். தேவகோட்டை தரை வேலைக்குள்ளே ஒரு நிலைக்கதவுப் பழுது இருக்கிறது, அது 30ஆம் நாளில்தான் வருகிறது, லீவோடு மோதவில்லை. நாளைக்கு முதலாளியிடம் புதிய வரிசையோடு போகிறேன்.